லூக்கிடம் கிழவர் சொன்ன பொய்

கேள்வி, ஜூன் 4

ஸ்டார் வார்ஸ் என்றாலே "நவீன புராணம்" என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஜோசப் கேம்ப்பெல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஊர் உலகத்தில் உள்ள வீரக்கதைகளை எல்லாம் பிழிந்து 12 படிகள் என்று ஒரு பட்டியல் போட்டார். படத்தை எடுத்த ஜார்ஜ் லூக்காஸ் அதை ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி நிரப்பினார். நாயகன் பெயர்: லூக். ஊர்: பாலைவனம். குரு: உண்டு. குரு இறந்தாரா: ஆம். இதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு

விண்ணப்ப உவமை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த விண்ணப்பம் அப்போது அச்சாகவே இல்லை. "ஆயிரம் முகங்கள் கொண்ட நாயகன்" 1949இல் வந்த புத்தகம். அதில் கேம்ப்பெல் போட்ட கட்டங்கள் 17. நீங்கள் சொல்லும் 12 படி கிறிஸ்டோபர் வோக்லருடையது. டிஸ்னியில் திரைக்கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையில் இருந்தவர், 1985 வாக்கில் சக ஊழியர்களுக்காக எழுதிய சில பக்கக் குறிப்பு அது. ஸ்டார் வார்ஸின் மூன்றாவது படமே 1983இல் வந்து ஓடி முடிந்துவிட்டது.

அப்புறம், லூக்காஸ் முதலில் கையில் எடுத்தது கேம்ப்பெலை அல்ல, ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவை. 1973இல் அவர் எழுதிய கதைச்சுருக்கம் குரோசாவாவின் "த ஹிட்டன் ஃபோர்ட்ரெஸ்" படத்தை (1958) ஏறக்குறைய அப்படியே பின்தொடர்கிறது. எதிரி மண்ணில் ஓர் இளவரசி, அவளைக் காப்பாற்றிக் கூட்டிப்போகும் தளபதி, நடுவில் மாட்டிக்கொண்ட இரண்டு சாமானியர்கள். அந்தச் சுருக்கத்தில் லூக் ஸ்கைவாக்கர் யார் தெரியுமா? வயதான தளபதி! அடுத்து வந்த வரைவில் கதாநாயகன் பெயர் அனிகின் ஸ்டார்கில்லர். படத்தில் லூக்கின் கூட்டாளியாக வரும் ஹான் சோலோ அதில் பச்சைத் தோலும் மீன் செவுளும் உள்ள ஒரு ஜந்து. நடுவில் கொஞ்ச நாள் லூக் பெண்ணாகவும் இருந்தான். படப்பிடிப்புக்கு முந்தைய நான்காவது வரைவில்கூட லூக் ஸ்டார்கில்லர்தான், ஸ்கைவாக்கர் இல்லை.

படிவம் நிரப்புகிற ஆள் பெயர்க் கட்டத்தில் இத்தனை முறை அடித்து எழுத மாட்டான்.

ஜூன் 5

"குரு இறந்தாரா: ஆம்" என்று எழுதியிருந்தீர்கள். நேற்று அதை விட்டுவிட்டேன். முதலில் எழுதிய திரைக்கதையில் அந்தக் குரு, கிழவர் ஓபி-வான், சாகவில்லை. வில்லன் டார்த் வேடரோடு சண்டை போட்டுவிட்டுத் தப்பி எல்லோருடனும் கப்பலில் ஏறிவிடுகிறார். அதன்பின் படம் முடியும்வரை அவருக்கு வேலையே கிடையாது. சும்மா ஓரமாக நிற்க வேண்டும். இதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் லூக்காஸ் தவித்திருக்கிறார். ஆளைக் கொன்றுவிடலாமே என்று யோசனை சொன்னது அவருடைய மனைவி மார்ஷா. பிறகு இந்தப் படத்தின் தொகுப்புக்காக ஆஸ்கர் வாங்கிய மூவரில் ஒருவர். படப்பிடிப்பு ஆரம்பித்த பிறகு எடுத்த முடிவு அது. நடிகர் அலெக் கின்னஸுக்கு முதலில் ஏக வருத்தம், சமாதானப்படுத்த வேண்டியிருந்ததாம்.

ஆக, படத்திலேயே மிகப் "புராணத்தனமான" கட்டம், ஒரு பாத்திரத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியாததால் வந்தது. இப்படி நடந்தால் புராணம் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒருவேளை புராணங்களிலும் பல பேர் இப்படித்தான் செத்திருப்பார்களோ என்னவோ.

ஜூன் 5, மதியம்

"கர்ணன் கதைதானே இது, எல்லாம் நம்ம மகாபாரதத்தில் இருக்கு" என்று ஒருவர். எல்லாமே மகாபாரதத்தில் இருக்கிறது, சரி. என் மோட்டார் பம்ப் ஏன் தண்ணீர் இழுக்கவில்லை என்பதும் எந்தப் பர்வத்திலாவது இருக்கும்.

ஜூன் 7

முந்தாநாள் கிண்டல் கொஞ்சம் அதிகம். கர்ணனைச் சொன்னவர் மன்னிக்கவும். பெற்றவர் யார் என்பதைப் போருக்கு முன்னால் சொல்வதா, பின்னால் சொல்வதா, யார் சொல்வது, எதற்காகச் சொல்வது என்பதில்தான் இரண்டு கதைகளும் தொட்டுக்கொள்கின்றன. அதைச் சொல்வதற்கு முன் என் கதை.

நான் இந்த வரிசையில் முதலில் பார்த்தது இரண்டாவது படம், "த எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்". 1991 அல்லது 92, கோடை விடுமுறை, திருச்சியில் பெரியம்மா வீடு. வீடியோ டெக் வாடகைக்கு எடுப்போமே, அந்தக் காலம். தெருப் பிள்ளைகள் பாதிப்பேர் அந்தக் கூடத்தில். தமிழ் எதுவும் கிடையாது, இங்கிலீஷ் மட்டும். அண்ணன் (பெரியம்மா மகன்) என்னைவிட ஆறு வயது மூத்தவன், இங்கிலீஷ் மீடியம். டிவிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்துக்கும் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். வசனம் வேகமாகப் போனால் "ஏதோ திட்டுறான்" என்று முடித்துவிடுவான்.

கை வெட்டுப்பட்டு லூக் அந்தக் கம்பத்தில் தொங்கும்போது வேடர் ஒன்று சொன்னார். அண்ணன் பேசவில்லை. "என்னடா சொல்றான், என்னடா சொல்றான்" என்று கூடம் முழுக்கக் கத்தல். கொஞ்சம் கழித்து, "நான்தான் உன் அப்பாங்கிறான்" என்றான். எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

அவனுடைய அப்பா அப்போது நாலு வருஷமாக வீட்டில் இல்லை. "துபாயில் இருக்கார்" என்பதுதான் வீட்டில் சொல்வது. துபாயில் இல்லை என்பது பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவனுக்குத் தெரியுமா என்பது யாருக்கும் தெரியாது.

அதனால் பிறகு முதல் படத்தைப் பார்த்தபோது, குகை வீட்டில் கிழவர் ஓபி-வான் லூக்கிடம் "உன் அப்பாவை டார்த் வேடர் கொன்றுவிட்டான்" என்று சொல்லும் காட்சி எனக்குத் திகிலாக இருந்தது. உலகம் முழுக்க எல்லோரும் அதை உண்மை என்று நம்பிக் கேட்டிருக்கிறார்கள். நான் முதல் தடவையே பொய்யாகக் கேட்டேன். சொல்லும் முன் அந்த மனிதர் ஒரு நொடி தயங்குகிறார், பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டுப் பெரியவர்களும் "துபாய்" என்று சொல்லும் முன் அப்படித்தான் தயங்குவார்கள்.

ஜூன் 7, கொஞ்ச நேரம் கழித்து

அந்தத் தயக்கத்தில்தான் எனக்கு இப்போது சந்தேகம். 1976இல் அலெக் கின்னஸ் அந்த வசனத்தைப் பேசியபோது அது பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. ஏனென்றால் அது பொய் இல்லை, அன்றைக்கு.

இரண்டாவது படத்துக்கு முதல் வரைவு எழுதியவர் லீ பிராக்கெட் என்ற மூத்த எழுத்தாளர். எழுதிக்கொடுத்த கையோடு 1978 மார்ச்சில் இறந்துபோனார். அந்த வரைவில் லூக்கின் அப்பா ஆவியாக வந்து மகனோடு பேசுகிறார். வேடர் வேறு, அப்பா வேறு. அடுத்த வரைவை லூக்காஸே எழுதினார், அப்போதுதான் இருவரும் ஒருவர் ஆனார்கள். ரகசியம் வெளியே போகாமல் இருக்க, படப்பிடிப்பில் வேடர் உடையில் இருந்த டேவிட் பிரௌஸுக்குக் கொடுத்த வசனமே வேறு: உன் அப்பாவைக் கொன்றது ஓபி-வான். அதைத்தான் அவர் பேசினார். காட்சி எடுப்பதற்குச் சற்று முன்னால்தான் இயக்குநர் இர்வின் கெர்ஷ்னர் லூக்காக நடித்த மார்க் ஹாமிலை மட்டும் தனியாக அழைத்து உண்மையான வரியைச் சொன்னார். வேடருக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் பின்னால் அதைப் பதிவு செய்தார். படித்ததும், வேடர் பொய் சொல்கிறான் என்றுதான் அவர் நினைத்தாராம்.

எத்தனை அடுக்கு பாருங்கள். பொய் வசனத்துக்கு உதடு அசைத்தவர் ஒருவர் (உதடு முகமூடிக்குள்), உண்மை வசனத்தைப் பொய் என்று நம்பிப் பேசியவர் ஒருவர்.

ஆகவே ஓபி-வான் 1977இல் நேர்மையான மனிதர். 1980இல் பொய்யர். 1983இல் மூன்றாவது படத்தில், மரக்கட்டையில் உட்கார்ந்துகொண்டு, நான் சொன்னது ஒரு விதத்தில் பார்த்தால் உண்மைதான் என்று சமாளிக்கிறார். சிறு வயதில் அந்தச் சமாளிப்பைக் கேட்டு எனக்கு ஆத்திரம் வந்தது. இப்போது அதுதான் இந்த வரிசையின் ஆகச் சிறந்த இடம் என்று படுகிறது. கதை எழுதியவர் மாட்டிக்கொண்டார், அந்தப் பழியைக் கதைக்குள் இருக்கும் கிழவர் தலையில் கட்டினார். கிழவர் வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்டார், அதனால் மனிதரானார். முதல் படத்தில் அவர் வெறும் குரு.

கேம்ப்பெல் பட்டியலில் "குரு பொய் சொல்லி மாட்டிக்கொள்வது" என்று ஒரு கட்டம் இருக்கிறதா?

ஜூன் 8

இன்னொன்று. எல்லோரும் அந்த வசனத்தை "லூக், நான்தான் உன் அப்பா" என்று சொல்கிறார்கள். படத்தில் "லூக்" கிடையாது. "இல்லை" என்றுதான் ஆரம்பிக்கும். உலகமே சேர்ந்து தப்பாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது.

ஜூன் 10

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "அப்படியானால் கேம்ப்பெலுக்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லையா" என்கிறார். நான் அப்படியா சொன்னேன்? கொஞ்சம் அப்படித்தான் சொன்னேன் போல. திருத்திக்கொள்கிறேன்.

சம்பந்தம் உண்டு. வரைவு வரைவாக எழுதிக் கதை காடாக வளர்ந்துபோன நேரத்தில் லூக்காஸ் அந்தப் புத்தகத்தைப் படித்தார், எதை வெட்டுவது என்று தெளிவு வந்தது. அவரே பல இடங்களில் சொன்னதுதான். அரிவாளாகப் பயன்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம், விதையாக அல்ல. கேம்ப்பெல் இந்தப் படங்களைப் பார்த்ததே மூன்றும் வந்த பிறகு, லூக்காஸ் அழைத்துப் போட்டுக்காட்டியபோதுதான். அதற்கப்புறம் 1985, 86இல் பத்திரிகையாளர் பில் மோயர்ஸ் அவரை எடுத்த நீண்ட பேட்டியின் பெரும்பகுதி லூக்காஸின் ஸ்கைவாக்கர் பண்ணையில் நடந்தது. கேம்ப்பெல் 1987 அக்டோபரில் இறந்தார். பேட்டி 1988இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஆறு பாகமாக ஓடி அவரை வீட்டுக்கு வீடு தெரிந்தவர் ஆக்கியது. "ஸ்டார் வார்ஸ் என்றால் கேம்ப்பெல்" என்ற பேச்சு இறுகியது அதில்தான் என்பது என் கணிப்பு. இதுவும் பின்னால் வந்து முன்னால் உட்கார்ந்துகொண்ட கதை.

நம் பக்கம் ஒரு தொடர்பு உண்டு, கர்ணன் அன்பருக்காக. கேம்ப்பெல் ஸ்ரீராமகிருஷ்ணரின் உபதேசங்களை ஆங்கிலமாக்கிய சுவாமி நிகிலானந்தருக்கு உதவியவர். ஜெர்மானிய அறிஞர் ஹென்ரிக் ஸிம்மர் இறந்தபின் அவருடைய இந்தியவியல் கையெழுத்துப் பிரதிகளைச் செப்பனிட்டு நூலாக்கியவர். 1954இல் இந்தியாவுக்கே வந்து சில மாதம் சுற்றியிருக்கிறார். புத்தகத்தில் பார்த்த இந்தியா தெருவில் கிடைக்காமல் எரிச்சல்பட்டு டைரி எழுதினார்.

ஜூன் 11

ஒரு பிழைத்திருத்தம். வேறொரு இழையில் நான் "1977இல் படம் நான்காவது பாகமாகவே வந்தது" என்று எழுதியிருந்தேன். தப்பு. வெறும் "ஸ்டார் வார்ஸ்" என்றுதான் வந்தது. "நான்காம் பாகம், புதிய நம்பிக்கை" என்பது 1981 மறுவெளியீட்டில் ஒட்டியது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. இவ்வளவு காட்டமாகச் சுட்டிக்காட்டியிருக்க வேண்டாம்.

ஜூன் 14

இந்தக் கதையை யார் சொல்கிறார்கள்?

குரோசாவா படம் இளவரசியிடமோ தளபதியிடமோ தொடங்காது. தஹேய், மதாஷிச்சி என்று இரண்டு கந்தல் விவசாயிகள், சண்டை போட்டுக்கொண்டே வெட்டவெளியில் நடந்து வருவார்கள். பேராசைக்காரர்கள், பயந்தாங்கொள்ளிகள். ராஜா கதை முழுவதையும் கீழே இருந்து பார்ப்பவர்கள் அவர்கள்தான். லூக்காஸ் எடுத்துக்கொண்டது இந்தக் கோணத்தை. அதனால்தான் முதல் படத்தில் கதாநாயகன் வருவதற்கு ஏகப்பட்ட நேரம் ஆகிறது. அதுவரை சி-த்ரீபிஓ, ஆர்டூ என்ற இரண்டு ரோபோக்கள் மணலில் சண்டை போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ராஜா வருவதற்கு முன் கட்டியங்காரன் வந்துவிட வேண்டும், ராஜாவையும் அவன்தான் கேலி செய்ய வேண்டும்.

முதல் படத்தில் லூக் த்ரீபிஓவிடம் போர் பற்றி ஆவலாகக் கேட்பான். அதற்கு அந்தத் தங்கப் பொம்மை, நான் வெறும் மொழிபெயர்ப்பாளன், கதை சொல்ல வராது, சுவையாகச் சொல்லவே வராது என்று கைவிரித்துவிடும். இதை நினைவில் வையுங்கள். மூன்றாவது படத்தில் ஈவோக்குகள் என்ற குட்டிக் கரடி மாதிரி ஜந்துக்களின் காட்டுக் கிராமம். இரவு, நெருப்பு, சுற்றிலும் ஒரு கிராமமே உட்கார்ந்திருக்கிறது. அதே த்ரீபிஓ எழுந்து நின்று ஈவோக் மொழியில் இரண்டு படங்களின் கதையையும் சொல்கிறது. நமக்கு ஒரு சொல் புரியாது, நடுநடுவே வேடர், ஓபி-வான் என்று பெயர்கள் மட்டும். ஆனால் வெடிச்சத்தம் போடுகிறது, வேடர் மாதிரி மூச்சு விடுகிறது, குட்டி ஈவோக்குகள் பயந்து ஒட்டிக்கொள்கின்றன. கதை முடிந்ததும் ஊர் இவர்களைத் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறது. அதற்குக் கொஞ்சம் முன்புவரை ஹான் சோலோவை வாட்டித் தின்ன இருந்த ஊர்!

மூன்று படத்திலும் உண்மையாக வளர்ந்தவன் லூக் இல்லை என்றுகூட எனக்குச் சில நாள் தோன்றும். கதை சொல்லத் தெரியாது என்ற பொம்மை, கதை சொல்லி ஒரு படையைச் சேர்த்துவிட்டது.

ஈவோக்குகளைக் "கரடி பொம்மை வியாபாரம்" என்று திட்டுபவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். வியாபாரமும்தான். ஆனால் அந்த நெருப்புக் காட்சி எனக்கு வேண்டும்.

ஜூன் 14, இரவு

விட்டுப்போனது: முழுக்கதையையும் சொல்வது ஆர்டூ என்பது லூக்காஸின் மனசில் இருந்த ஏற்பாடு. எல்லாம் முடிந்து நூறு வருஷம் கழித்து, வில்ஸ் என்ற ஏதோ ஓர் ஏட்டைக் காப்பவரிடம் அது சொல்கிறதாம். 2005இல் வந்த முன்கதைப் படத்தை (கதை வரிசையில் மூன்றாம் பாகம்) எடுத்தபோது தன் குழுவிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தின் கடைசியில் த்ரீபிஓவின் நினைவை அழிக்கச் சொல்வார்கள், ஆர்டூவை விட்டுவிடுவார்கள். ஆக, எல்லாம் தெரிந்தவனுக்குப் பேச வராது, பேச வருபவனுக்கு ஒன்றும் நினைவில்லை.

ஜூன் 17

ஹான் சோலோ தகராறு இங்கேயும் வந்தாகிவிட்டதா. சரி.

1977 படத்தில், மதுக்கடையில் ஹான் மேசைக்கு அடியில் துப்பாக்கியை எடுத்து, தன்னைப் பிடிக்க வந்த கிரீடோவைச் சுட்டுவிடுகிறான். 1997 சிறப்புப் பதிப்பில் கிரீடோ முதலில் சுட்டுக் குறி தவறுகிறான், அப்புறம்தான் ஹான் சுடுகிறான். நாயகன் முதலில் சுடக் கூடாதாம். 2004இல் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரம். 2019இல் கிரீடோ சாகும் முன் ஏதோ ஒரு சொல்லையும் கத்துகிறான். மூன்றாவது படத்துக் கடைசியில் வரும் அப்பாவின் ஆவியையும் விடவில்லை. அதில் நடித்த செபாஸ்டியன் ஷாவை எடுத்துவிட்டு, முன்கதைப் படங்களில் அதே பாத்திரமாக நடித்த இளம் ஹேடன் கிறிஸ்டென்சனை வைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால் 1988இல் இதே லூக்காஸ் அமெரிக்க நாடாளுமன்றத்தில் போய், பழைய படங்களை மாற்றுவது வரலாற்றையே சிதைப்பது என்கிற தொனியில் பேசியவர். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு முதலாளிகள் வண்ணம் பூசிக்கொண்டிருந்த நேரம். படைத்தவர் அல்லாதவர் கை வைக்கக் கூடாது என்பதுதான் அவர் வாதம் என்று அவர் தரப்பில் சொல்லலாம். அந்த வருஷமே திரைப்படப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1989இல் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்த முதல் 25 படங்களில் ஸ்டார் வார்ஸும் ஒன்று.

என் ஆச்சி ஒரு பேய்க் கதை சொல்வாள். ஒரு நாள் பேய் கிணற்றில் விழுந்து சாகும், ஒரு நாள் புளியமரத்தில் ஆணி அடிப்பார்கள். "நேத்து கிணறுன்னீங்களே" என்று நாங்கள் சண்டைக்குப் போவோம். "என் கதை, நான் எப்படியும் சொல்லுவேன்" என்பாள். அதைச் சரி என்று ஏற்றுக்கொண்டவன், லூக்காஸ் செய்தால் மட்டும் ஏன் கொதிக்கிறேன்? யோசித்துப் பார்த்தேன். ஆச்சி கிணற்றுக் கதையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. அது எங்களிடம் இருந்தது, வேண்டுமானால் நாங்கள் தெருவில் போய் அப்படியே சொல்லலாம். இவர் பழைய பிரதியையே கடையில் இல்லாமல் செய்துவிட்டார்.

வேடரை அப்பா ஆக்கியதும் திருத்தம்தானே, அதை மட்டும் கொண்டாடுகிறாயே என்று கேட்பீர்கள். ஆமாம். அது கிழவரைக் கஷ்டத்தில் தள்ளியது. கிரீடோ திருத்தம் ஹானைக் கஷ்டத்திலிருந்து காப்பாற்றியது. எனக்கு முதல் வகைதான் பிடிக்கும்.

ஜூன் 19

மகளுக்கு ஏழு வயது. முந்தாநாள் கரண்ட் போய் இரண்டு மணி நேரம் வரவில்லை. படம் காட்டாமல் வாயாலேயே கதை சொன்னேன். வேடர் மூச்சுக்கு எவர்சில்வர் சொம்பை வாயில் வைத்துக்கொண்டேன். (படத்தில் சத்தம் அமைத்த பென் பர்ட், முக்குளிப்பவர்கள் மாட்டும் சுவாசக் குழாய்க்குள் ஒலிவாங்கியை வைத்துத்தான் அந்த மூச்சைப் பதிவு செய்தார். சொம்பும் மோசமில்லை.)

அப்பா விஷயம் வந்ததும் அவள் கேட்டது: "அந்தத் தாத்தாவுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"அப்ப எதுக்கு அவனைச் சண்டைக்கு அனுப்பினாரு?"

கரண்ட் வந்துவிட்டது. தப்பித்தேன்.

ஜூன் 22

இதோடு நான் முடித்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. 7ஆம் தேதி எழுதியதற்கு.

நேற்று அண்ணனிடம் போனில் பேசினேன். அவன் இப்போது கோயம்புத்தூரில். அந்த டெக் நாள் ஞாபகம் இருக்கா, இரண்டாவது படத்தை மட்டும் எடுத்துவந்தோமே என்றேன். "ரெண்டு கேசட்டுடா. முதல் படத்தையும் அன்னிக்கே பார்த்தோம். நீ முழிச்சுத்தான் இருந்தே" என்றான். அப்படியென்றால் கிழவர் பேசுவதை நான் அப்போதே கேட்டிருப்பேனே, அப்பா செத்துவிட்டார் என்று கேட்ட ஞாபகமே இல்லையே என்றேன்.

கொஞ்சம் சிரித்தான்.

"நான்தானே சொல்லிட்டு வந்தேன். கொன்னுட்டான்னு சொல்ல வாய் வரலை. அவங்கப்பா வெளியூர் போயிருக்காருன்னு சொன்னேன்."

அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. கொஞ்ச நேரம் மாமா வீட்டுக் கல்யாணம், கார் ரிப்பேர். வைக்கும் முன் கிரீடோ விவகாரத்தையும் கேட்டுவைத்தேன். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஹான்தான் முதலில் சுட்டான்.